முப்பது விநாடி வாடகை

ஆக்லாந்தில் இன்று ஒரு கூட்டம் தொடங்க மூன்று சாமான் வேண்டும்: ஒலிவாங்கி, தண்ணீர்ப் போத்தல், இந்த மண்ணின் மாவோரிக் குடிகளுக்கு ஒரு வணக்கம். முதல் இரண்டும் சில சமயம் கைவிடும். மூன்றாவது ஒருநாளும் கைவிடாது. அதற்கென்று ஒரு வேலையும் கொடுக்கப்படவில்லை; கைவிட என்ன இருக்கிறது?

வங்கி மேலாளர் வணங்குகிறார், பிறகு வட்டி விகிதம் பேசுகிறார். காப்பீட்டு நிறுவனம் வணங்குகிறது, பிறகு உங்கள் கோரிக்கையை நிராகரிக்கிறது. நிலத்தைத் துண்டு போட்டு விற்கும் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு அடியில், தொலைபேசி எண்ணுக்கும் சின்னத்துக்கும் நடுவே, ‘டாமாகி மகவுராவின் மனா ஃபெனுவாவைப் பணிவுடன் வணங்குகிறோம்’ என்று ஒரு வரி சின்ன எழுத்தில் குந்தியிருக்கிறது. டாமாகி மகவுராவ் என்பது ஆக்லாந்தின் மாவோரிப் பெயர். மனா ஃபெனுவா என்பவர்கள் அந்த நிலத்தின் மீது உரிமையும் பொறுப்பும் உடைய குடிகள். அந்த மின்னஞ்சலின் மேல்பாதியில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? அதே நிலத்தில் 320 சதுர மீட்டர், வடக்குப் பார்த்த வாசல், ஏலம் வருகிற புதன்கிழமை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவோரிகள் தங்கள் மரபுப்படி விருந்தினரை வரவேற்பதும், முன்னோரை அழைத்துப் பேசுவதும், தங்கள் மலையையும் ஆற்றையும் பெயர் சொல்லி நிற்பதும் அவர்கள் வீட்டு விஷயம். அதில் எனக்குப் பேச்சில்லை. அங்கே பேசுகிறவருக்கும் அந்த மலைக்கும் உறவு உண்டு. நான் சொல்வது மற்ற நம் எல்லோரையும். அதாவது, வீட்டில் குடியிருந்துகொண்டே வீட்டுக்காரருக்கு மாதாமாதம் ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டு வாடகைப் பேச்சை எடுக்காத குடித்தனக்காரர்களை.

நம் தமிழர் விழா ஒன்றுக்கு ஒடாஹுஹுவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். (மண்டபத்துக்கு வாடகை உண்டு. அதை முன்கூட்டியே கட்ட வேண்டும். கும்பிட்டால் விட மாட்டார்கள்.) இந்த ஊர் ஆக்லாந்தின் இடுப்பு. கிழக்கே டாமாகி ஆறு, மேற்கே மனுகாவு துறைமுகம், நடுவே ஒரு கிலோமீட்டர்ச் சொச்சம் அகலத்தில் ஒரு துண்டு நிலம். ஒரு கடலில் வந்த தோணியைக் கரையேற்றி இழுத்து மறு கடலில் இறக்கிய வழி இது. தைனுயி என்ற பெருந்தோணியே இந்த வழியாகத்தான் போனது என்பது அவர்களின் மரபுச் செய்தி. இன்று அந்த வழியில் போர்ட்டேஜ் ரோடு இருக்கிறது. சரக்கு லாரிகள் போகின்றன.

நம் விழாவுக்கு வருகிற காரும் இந்த ஊரின் தெருக்களைத் தாண்டித்தான் வருகிறது. நில வணக்கத்தில் இல்லாத விவரமெல்லாம் தெருப் பலகைகளில் இருக்கிறது. யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஃபேர்பர்ன் ரோடு என்று ஒன்று. அதே பெயரில் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. வில்லியம் ஃபேர்பர்ன் என்ற மிஷனரி 1836இல் இந்தப் பக்கத்து நிலத்தை, ஒடாஹுஹு தொட்டுத் தெற்கே பாப்பாகுரா, கிழக்கே வைரோவா வரை, ‘வாங்கினார்’. கொடுத்த விலையில் போர்வை இருந்தது, மண்வெட்டி இருந்தது, புகையிலை இருந்தது, சீப்பும் இருந்தது. நாற்பதாயிரம் ஏக்கர் இருக்கும் என்றார்கள். அளந்து பார்த்தால் எண்பதாயிரத்துக்கு மேல். சண்டையிட்டுக்கொண்டிருந்த குடிகளுக்கு நடுவே சமாதானத்துக்காகத்தான் வாங்கினேன் என்றார் போதகர். அவருக்கே மனம் உறுத்தியதோ, மேலிடம் உறுத்தியதோ, மூன்றில் ஒரு பங்கைப் பழைய உரிமைக்காரர்களுக்கே திருப்பித் தருவதாக 1837இல் எழுதிக் கொடுத்தார். பிறகு பிரிட்டிஷ் அரசு வந்தது. விசாரித்தது. ஒரு மனிதருக்கு இவ்வளவு நிலம் ஆகாது என்று நியாயம் பேசியது. அவருக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கரை விட்டுவிட்டு மிச்சத்தை ‘உபரி’ என்று எழுதித் தானே வைத்துக்கொண்டது. திருப்பித் தருவதாகச் சொன்ன அந்த மூன்றில் ஒரு பங்கும் உபரியோடு உபரியாகப் போயிற்று. மிஷனரியின் பேராசையைக் கண்டித்த கையோடு அந்தப் பேராசையின் பலனைப் பையில் போட்டுக்கொள்ள ஓர் அரசாங்கத்தால்தான் முடியும்.

அடுத்து கிரேட் சவுத் ரோடு. ஊரின் நடுமுதுகு. பிரியாணிக்கடை, நகைக்கடை, சேலைக்கடை எல்லாம் இந்தச் சாலையைப் பிடித்துத்தான். ஆளுநர் ஜார்ஜ் கிரே இதை ட்ரூரிக்கு அப்பால் தெற்கே நீட்டியது சேலைக்கடைக்காக அல்ல. 1862இல் பட்டாளத்தை வைத்து மண்வெட்டியும் கோடாலியுமாக வெட்டிய சாலை அது. வைகாட்டோ மாவோரிகள் மீது படையெடுக்கப் பீரங்கி போக வழி வேண்டியிருந்தது. அந்தப் படையின் பெரிய முகாம் இதே ஒடாஹுஹுவில் இருந்தது.

இங்கே கதை கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1849இல், ஆக்லாந்து ஒரு பயந்த சின்னப் பட்டணமாக இருந்தபோது, வைகாட்டோவின் பெருந்தலைவர் பொட்டாட்டாவ் டெ ஃபெரோஃபெரோவை அதே கிரே அழைத்து, மாங்கெரேயில் குடியேறுங்கள், பட்டணத்துக்குக் காவலாக இருங்கள் என்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அவரும் வந்திருந்தார். காவல் இருந்தார். 1858இல் மாவோரிகள் தங்களுக்கென்று ஓர் அரசரை, இதே பொட்டாட்டாவை, தேர்ந்துகொண்டார்கள். அரசர் இருந்தால் நிலம் விற்பனைக்கு வராது. அதுதான் குற்றம். 1863 ஜூலை 9ஆம் தேதி ஒரு கட்டளை வந்தது: மாங்கெரே, இஹுமாடாவோ, புக்காக்கி முதலிய ஊர்களின் மாவோரிகள் ஆயுதத்தை ஒப்படைத்து விக்டோரியா மகாராணிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், மறுப்பவர்கள் மங்காடாஃபிரி ஓடைக்குத் தெற்கே போய்விட வேண்டும். வீட்டை விட்டு, விளைந்த தோட்டத்தை விட்டு, சொந்தக்காரர்கள் நடந்தார்கள். மூன்று நாள் கழித்துப் படை அந்த ஓடையையும் தாண்டியது. பட்டணத்துக்குக் காவல் இருந்தவர்களுக்குப் பட்டணம் கொடுத்த சம்பளம் இது.

இஹாகா டாகானினி என்று ஒரு தலைவர். டெ ஆகிடாய் குடியைச் சேர்ந்தவர், பாப்பாகுரா பக்கம் இருந்தார். அவர் ஓடிப்போகவில்லை. அந்த ஜூலையிலேயே அவரையும் குடும்பத்தாரையும் பிடித்துக்கொண்டு வந்து ஒடாஹுஹு முகாமில் அடைத்தார்கள். குற்றச்சாட்டு ஏதும் பதிவாகவில்லை. விசாரணை நடக்கவில்லை. காவலில் அவருடைய தந்தை இறந்தார். இரண்டு குழந்தைகள் இறந்தன. பிறகு அவரை ராக்கினோ தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1864இல் அங்கே அவரும் இறந்தார். நம் ஆட்கள் நிறைய வீடு வாங்கியிருக்கும் புறநகருக்கு அவர் பெயர்தான்: டாகானினி. ‘டாகானினியில் நாலு பெட்ரூம் எடுத்திருக்கிறோம்’ என்று விழா மண்டபத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும்போது, அந்த மனிதரும் அவருடைய குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்த ஊரில் நின்றுதான் சொல்கிறார். மேடையில் வணக்கம் வாசிப்பவருக்கும் அது தெரியாது. வாசிக்கக் கொடுத்த தாளில் அது இல்லை. ‘கடந்தகால, நிகழ்கால, வருங்கால மூத்தோர்’ என்று மொத்த விலையில் அடித்துவிட்டால், யாருடைய குழந்தை எந்த முகாமில் செத்தது என்று சில்லறையாகச் சொல்ல வேண்டியதில்லை.

தாளில் இல்லாதவர் பெயர் கல்லில் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கல்லில் இருப்பது வேறொருவர்.

கிரேட் சவுத் ரோட்டில், ஊர் நடுவே, ஒரு நெடுங்கல் நிற்கிறது. கர்னல் மார்மடியூக் நிக்ஸன். இந்தியாவில் பிரிட்டிஷ் படையில் வேலை பார்த்துவிட்டு இங்கே பண்ணை வைக்க வந்த ஆசாமி. நமக்கு எவ்வளவு நெருக்கம், பாருங்கள். போர் வந்ததும் குடியேறிகளின் குதிரைப்படைக்குத் தலைவரானார். 1864 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. ஜெனரல் கேமரன் மாவோரிகளின் கோட்டைகளை இரவோடு இரவாகச் சுற்றிக்கொண்டு ரங்கியாவோஃபியா என்ற ஊருக்குள் படையை நுழைத்தார். அது கோதுமையும் உருளைக்கிழங்கும் பீச் பழமும் விளைந்த ஊர். ஆக்லாந்துக்கே மாவு அனுப்பிய ஊர். இரண்டு தேவாலயங்கள் இருந்தன. போர் வீரர்கள் கோட்டையில் இருக்க, ஊரில் மிகுதியும் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும்தான். ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ஒரு வீடு தீப்பற்றி எரிந்தது. வெளியே வந்தவர்கள் சுடப்பட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் படையின் கணக்கும் மாவோரிகளின் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அந்த வீட்டு வாசலில் நிக்ஸனுக்குக் குண்டு பட்டது. மே மாதம் இறந்தார். 1868இல் அவருக்கு இந்தக் கல்லை நட்டார்கள். அது போதவில்லை என்று நூறு வருஷம் கழித்து, 1968இல், அவருடைய எலும்புகளையும் பட்டணத்துக் கல்லறையிலிருந்து தோண்டிக் கொண்டுவந்து இந்தக் கல்லின் அடியிலேயே வைத்தார்கள். 2017இல் இதை எடுக்க வேண்டும் என்று குரல் எழுந்தது. கல் அசையவில்லை.

ஆக, ஒடாஹுஹுவில் நிலத்துக்கு வணக்கம் சொல்லும் ஒவ்வொரு ஒலிவாங்கியும் நிக்ஸனின் எலும்புகளுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வாயால் ஒரு பக்கத்தை வணங்குகிறோம். கல்லாலும் சிமெண்டாலும் மறுபக்கத்தை வணங்குகிறோம். வாய்ச்சொல் முப்பது விநாடியில் காற்றோடு போகும். கல்லுக்குப் புல் வெட்ட ஆள் வருகிறது.

‘ஏன், நியூஸிலாந்து மன்னிப்புக் கேட்டதே, நஷ்டஈடு கொடுத்ததே’ என்பீர்கள். கேட்டது, கொடுத்தது. உலகத்தில் மற்ற எத்தனையோ நாடுகள் செய்யாததைச் செய்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1995 நவம்பரில் இரண்டாம் எலிசபெத் ராணியே வெலிங்டனில் உட்கார்ந்து வைகாட்டோவுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். படையெடுத்தது அநியாயம், நிலம் பறித்தது தவறு என்று சட்டமே சொல்கிறது. அப்புறம் கணக்குக்கு வருவோம். பறித்தது 12 லட்சம் ஏக்கர். நிலமும் காசுமாகத் தந்தது 170 மில்லியன் டாலர். அங்கங்கே முன்பே திரும்பிய நிலத்தைக் கழித்துப் போட்டாலும் ஏக்கருக்கு இருநூறு டாலர் தேறாது. இன்று ஒடாஹுஹுவில் அந்தக் காசுக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு வார மளிகை வரும், மீன் வாங்காமல் இருந்தால்.

2014இல் ஆக்லாந்தின் 14 எரிமலைக் குன்றுகளை மாவோரிக் குடிகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒடாஹுஹு குன்றும் அதில் ஒன்று. மவுண்ட் ரிச்மண்ட் என்று வெள்ளைக்காரர் பெயரும் அதற்கு உண்டு. எப்படி எழுதிக் கொடுத்தார்கள்? ஆக்லாந்தின் மற்ற எல்லோருக்கும் பொதுவாகவும் வைத்திருக்க வேண்டும், விற்கக் கூடாது, நிர்வாகத்தில் மாநகராட்சி சரிபாதியாக உட்காரும் என்ற நிபந்தனைகளோடு. மற்றவர்களின் பத்திரத்தில் இல்லாத பெருந்தன்மை இவர்களின் பத்திரத்தில் மட்டும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அவர்களும் சரி என்றார்கள். பக்கத்துக் குன்றான மக்லென்னன் ஹில்ஸைத் திருப்பிக் கொடுக்கும் சிரமமே வரவில்லை. அதைச் சல்லியாக வெட்டியெடுத்துச் சாலையில் கொட்டியாகிவிட்டது. அதை வணங்க வேண்டுமானால் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

கால் மணி நேரம் மேற்கே போனால் இஹுமாடாவோ. 1863இல் பறித்த நிலம். 1867இல் ஒரு பண்ணைக் குடும்பத்தின் கைக்குப் போயிற்று. 2016இல் ஃப்ளெட்சர் கட்டுமான நிறுவனம் வாங்கியது, 480 வீடு கட்டுவதற்கு. இளம் மாவோரிகள் அங்கே போய்க் கூடாரமடித்து உட்கார்ந்தார்கள். 2019 ஜூலையில் காலி செய்யச் சொல்லிக் காவல்துறை வந்தது. ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்டது. 2020 டிசம்பரில் அரசாங்கம் 29.9 மில்லியன் டாலர் கொடுத்து நிலத்தை வாங்கியது. பறித்த அரசு அதே நிலத்தை விலை கொடுத்து வாங்குகிறது. விலையைப் பெற்றது யார்? பறிகொடுத்தவர்கள் அல்ல. இந்த வியாபாரத்தைச் செட்டிநாட்டில் சொன்னால் கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இந்த முப்பது விநாடியும் சிலருக்குப் பொறுக்கவில்லை. அவர்களையும் விடக் கூடாது. 2022 நவம்பர் 30ஆம் தேதி, கைப்பாரா மாவட்டச் சபையின் புதிய மேயர் கிரெய்க் ஜெப்ஸன், மாவோரித் தொகுதி உறுப்பினர் பெரா பனியோரா கூட்டத்தைக் கராக்கியா என்ற வேண்டுதலோடு தொடங்கப்போனபோது இடைமறித்து நிறுத்தினார். அரசுச் சபை எல்லா மதத்துக்கும் பொது என்று காரணம் சொன்னார். பறித்த நிலத்தில் நடக்கும் கூட்டம் யாருக்குப் பொது என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை. 2023 கடைசியில் வந்த கூட்டணி அரசு, துறைகளின் பெயர்ப் பலகையில் ஆங்கிலம் முன்னே வர வேண்டும் என்றது. 2024இல் மாவோரி சுகாதார ஆணையத்தைக் கலைத்தது. அதே வருஷம் நவம்பரில் ஆக்ட் கட்சியின் டேவிட் சீமோர், மாவோரிகளோடு பிரிட்டிஷ் முடி செய்துகொண்ட 1840இன் வைடாங்கி ஒப்பந்தத்துக்கு எல்லோருக்கும் சமமான புதுப் பொருள் சொல்லும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். எடுப்பதையெல்லாம் எடுத்த பிறகு சமத்துவத்தின் மீது வருகிறதே ஒரு பக்தி! நாடாளுமன்றத்தில் ஹானா ராஃபிட்டி மைப்பி கிளார்க் என்ற இளம் உறுப்பினர் அந்த மசோதாத் தாளை இரண்டாகக் கிழித்து ஹாக்கா ஆடினார். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெலிங்டனில் ஊர்வலமாக நடந்தார்கள். 2025 ஏப்ரல் 10ஆம் தேதி 112க்கு 11 என்று மசோதா விழுந்தது.

இந்த ஆட்களிடம் ஒரு நேர்மை உண்டு. நிலமும் வேண்டும், நன்றியும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். நம் மேடைக்காரர்கள் நன்றி சொல்கிறார்கள், நிலமும் வேண்டும் என்கிறார்கள். சட்டைப்பையில் கை வைத்தால் இருவரிடமும் ஒரே சாவிதான் இருக்கும்.

இனி நம்மவர்கள். தமிழர் விழாவில் நில வணக்கம் முடிந்த கையோடு சிறப்புப் பேச்சாளர் வருவார். தவறாமல் மணியை அடிப்பார். ஃபங்காரெ பக்கம் மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கப் பாத்திரமாக வைத்திருந்த உடைந்த வெண்கல மணி அது. 1836 வாக்கில் வில்லியம் கொலன்ஸோ என்ற மிஷனரி கண்டெடுத்தார். இப்போது டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பழந்தமிழ் எழுத்தில் முகையத்தீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று இருக்கிறது. ஒரு தமிழ் முஸ்லிம் வணிகரின் கப்பல் மணி. எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பேச்சாளருக்குத் தெரியும். குக்குக்கு முன்னே, டாஸ்மனுக்கு முன்னே, தமிழன் இங்கே கால்வைத்தான் என்பார். குமரிக்கண்டத்தை இழுத்து வந்து நியூஸிலாந்தோடு ஒட்டுவார். மாவோரி மொழியில் இரண்டு சொல் எடுத்துத் தமிழ் வேர் காட்டுவார். ‘அவையளும் எங்கட ஆக்கள்தான்!’ கைதட்டல் கூரையைப் பிளக்கும். இரண்டு நிமிஷத்துக்கு முன்னே வணங்கிய மண்ணில் இப்போது நாமே மூத்த பங்காளி. முகையத்தீன் வக்குசு இன்று உயிரோடு வந்து நின்றாலும், இவர்களில் பாதிப் பேர் அவருக்கு வீடு வாடகைக்குத் தருவார்களா என்பது தனிக் கதை.

இடைவேளையில் சாப்பாட்டு வரிசையில் ‘எங்கட ஆக்களை’ப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்தத் தெருவில் வீடு வாங்காதீங்கோ, அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீங்கோ, அவைக்குத்தானே எல்லாம் அரசாங்கம் சும்மா குடுக்குது. மேடையில் குமரிக்கண்டத்துச் சகோதரர். வடை வாங்கும் இடத்தில் வீட்டு விலையைக் குறைக்கிறவர். விழா மலரின் நடுப்பக்கத்தில் நில வணக்கம் வண்ணத்தில் அச்சாகியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் வீடு விற்கும் தரகர் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பார். இரண்டு பக்கத்தின் அச்சுச் செலவும் அவருடையது.

மற்றவர்கள் செய்தால் எனக்கு எரிச்சல் மட்டும்தான். நாம் செய்யும்போது வயிறு எரிகிறது. நிலம் பறிபோவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மண்டபத்திலேயே யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் உடுத்த உடையோடு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. தங்கள் தோட்டத்தில் ராணுவம் வெங்காயம் போட்டு, அதைத் தங்களுக்கே விற்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 2017இல் கேப்பாப்பிலவுப் பெண்கள் முகாம் வாசலில், தெருவோரத்தில், தங்கள் காணிக்கு முன்னே குந்தியிருந்தபோது முகநூலில் படம் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். 2025 மார்ச் 28ஆம் தேதி கொழும்பு ஒரு வர்த்தமானி போட்டது. வடக்கில் சுமார் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அது அரச காணி. எழும்பிய சத்தத்திலும் நீதிமன்ற வழக்கிலும் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வாரங்களில் ஆக்லாந்தின் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை ஆவேசம்! உறுதி எங்கே, தோம்பு எங்கே, பாட்டன் பூட்டன் பெயர் எங்கே என்று. அதே கைபேசியில், அதே விரலால், அடுத்த சனிக்கிழமை விழாவுக்கான நில வணக்கத்தை ஒருவர் நகலெடுத்து ஒட்டினார்.

இரண்டும் ஒரே பட்டறையில் அடித்த பூட்டு. வைடாங்கியில் கையெழுத்து வாங்கிய அதே 1840இல், இலங்கையில் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பயிரிடாத, உறுதி காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. கண்டிக் கிராமத்தவரின் காடும் மேய்ச்சலும் கோப்பித் தோட்டமாயின. அதில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்களைக் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளைகளில் மிகப் பலருக்கு லயன் காம்பராவைத் தவிரக் கால்வைக்கச் சொந்த மண் இல்லை. வெள்ளைக்காரன் ‘தரிசு’ என்று இலங்கையில் எடுத்தான், ‘உபரி’ என்று இங்கே எடுத்தான். லண்டனில் குடியேற்ற அமைச்சகம் ஒன்றுதான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். காங்கேசன்துறையில் இலங்கை ராணுவம் கடலோரத்தில் ‘தல்செவன’ என்று ஒரு விடுதி நடத்துகிறது. நாளை அதன் சாப்பாட்டு அட்டையின் தலைப்பில் ஒரு வரி சேர்க்கிறார்கள்: ‘இவ்விடுதி வலிகாமம் மக்களின் பாரம்பரிய நிலத்தில் அமைந்துள்ளது, அவர்களது கடந்தகால, நிகழ்கால, வருங்கால மூத்தோரைப் பணிவுடன் வணங்குகிறோம்.’ அதற்குக் கீழே: இறால் பொரியல், கணவாய்க் கறி, வரி தனி. பலாலியில் தளபதி அணிவகுப்பைத் தொடங்குமுன் நெஞ்சில் கை வைத்து அதையே தமிழில், உச்சரிப்புப் பிசகாமல், வாசிக்கிறார். அதைக் கேட்டு, அங்கே காணி இழந்த மயிலிட்டிக்காரர் ஒருவருக்கு என்ன தோன்றும்? உருகுவாரா? பரவாயில்லை, நல்ல தொடக்கம் என்று கைதட்டுவாரா? செருப்பைத் தேடுவார். மாவோரிகள் நம் விழாவில் நாற்காலியில் உட்கார்ந்து புன்னகைப்பது அவர்களின் பெருந்தன்மை. அதை நம் வெற்றியாக எழுதிக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே இந்த நாகரிகம் இன்னும் வரவில்லை, வந்தால் தெரியும். உதகையில் ஜான் சல்லிவன் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கிய கதையை மலர்க் கண்காட்சி மேடையில் யார் வாசிப்பது? தோடர்களைப் பெரிய மனிதர்களின் வரவேற்புக்கு ஆட வைப்பதோடு நம் வணக்கம் தீர்ந்துபோகிறது. 1892இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலத்தில் இன்று எந்தக் கல்லூரி, எந்தக் கல்யாண மண்டபம், எந்தக் கட்சிக்காரர் தோட்டம் நிற்கிறது என்று ஒவ்வொரு விழாவிலும் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று வந்தால், குத்துவிளக்கு ஏற்ற ஆள் கிடைக்காது.

கணக்கு இங்கேயும் 12 லட்சம், அங்கேயும் 12 லட்சம்.

சும்மா திட்டிக்கொண்டிருக்காமல் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று, நம் பக்கத்துச் சங்கம் ஒன்றின் விழாவுக்கு நானே ஒரு நில வணக்கம் எழுதிக் கொடுத்தேன்:

‘வணக்கம். இந்த மண்டபம் நிற்கும் ஒடாஹுஹு, மாவோரிகள் இரு கடலுக்கு நடுவே தோணி இழுத்த இடம். 1836இல் போர்வைக்கும் புகையிலைக்கும் சீப்புக்கும் இந்த வட்டாரத்து நிலம் கைமாறியது. திருப்பித் தருவதாக எழுதிய பங்கை அரசு வைத்துக்கொண்டது. 1863இல் இங்கிருந்த முகாமில் இஹாகா டாகானினியின் தந்தையும் இரு குழந்தைகளும் விசாரணையின்றி அடைக்கப்பட்டு இறந்தார்கள். இங்கிருந்து போன படை வைகாட்டோவில் 12 லட்சம் ஏக்கரைப் பறித்தது. அந்தப் படையின் கர்னலுக்குத் தெருமுனையில் கல் இருக்கிறது. இறந்த குழந்தைகளுக்கு இல்லை. இந்த நிலத்தில் வீடு வாங்கி, விற்று, லாபம் பார்த்தவர்கள் நாங்கள். இன்றைய நுழைவுச்சீட்டு வருமானத்தில் பாதி டெ ஆகிடாய் மக்களுக்குப் போகும். நிக்ஸன் கல்லை அகற்றச் சொல்லும் மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.’

செயற்குழு கூடியது. நல்ல மனிதர்கள்தான். தேநீர் கொடுத்தார்கள்.

“தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா உது நீண்டு போச்சு. பிள்ளையள் பரதநாட்டிய உடுப்போட நிக்குதுகள், பாவம்.”

“அந்தச் செத்த பிள்ளையளின்ட கதை வேண்டாம் அண்ணை. மங்களகரமான நாள்.”

“மனு கினு எண்டால் கவுன்சில் மண்டபம் தராது. கல்லை விடும்.”

“பாதி வருமானமோ?” என்று பொருளாளர் கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து அந்த வரியைத் தலைவரே அடித்தார்.

“வீடு வாங்கி வித்த லாபம் எண்டிறதை எடுத்துவிடும். எங்கட அனுசரணையாளர் முன்வரிசையில இருப்பார்.”

புகையிலை போயிற்று, சீப்பு போயிற்று. டாகானினி போனார். கடைசியாக 12 லட்சம் ஏக்கரில் வந்து நின்றார்கள். எண் மேடையில் வாசிக்கக் கரடுமுரடாக இருக்கிறது என்றார் ஒருவர். செயலாளர் பேனாவை வாங்கி, ஏக்கரை அடித்து, மேலே ‘பரந்த’ என்று எழுதினார்.